எண்ணெய்க்காரச் சந்தில் இறங்கிய குளிர்

எண்ணெய்க்காரச் சந்தில் குளிர் இறங்கியது அக்னி நட்சத்திரம் தொடங்கிய மூன்றாம் நாள் என்று ஜெயக்கொடி சொல்வாள், இல்லை ஐந்தாம் நாள் என்று டீக்கடை நாகரத்தினம் சொல்வார், இரண்டு பேருமே சத்தியம் பண்ணத் தயாராக இருப்பார்கள். ஆனால் அது சோணைமுத்துவின் வீட்டுக் கதவிடுக்கு வழியாகத்தான் வந்தது என்பதிலும், மதுரை முழுக்க வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த அந்தக் காலையில் எங்கள் சந்தில் மட்டும் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று பனிமூட்டம் நின்றது என்பதிலும் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

சோணைமுத்து ஃபிரிட்ஜ் மெக்கானிக். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கொடைக்கானலில் ஒரு ஹோட்டலின் குளிர் அறையைப் பழுது பார்க்கப் போனவர், வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில், பிரான்சிஸ் என்று ஒருவர் தன் வீட்டு வராந்தாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வளர்த்த ஆர்க்கிட் செடிகளை எட்டிப் பார்த்தார், எட்டிப் பார்த்தவர் உள்ளே போனார், உள்ளே போனவர் பஸ்ஸை விட்டார், கடைசியில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஈரப் பாசி வைத்து அதற்குள் நாலே நாலு இலையோடு ஒரு செடியை வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். ஆர்க்கிட் என்றால் கல்யாண மேடையில் ஊதாவும் வெள்ளையுமாக நீளநீளமாகச் செருகி வைப்பார்களே, அது என்றுதான் நாங்கள் நினைத்தோம். இது அது இல்லை. பூமியின் அந்தக் கோடியில், மேகம் வந்து மரத்தில் மோதுகிற மலைகளில், பாசியோடு பாசியாக ஒட்டிக்கொண்டு பிழைக்கிற குட்டி இனம். இலை சுண்டுவிரல் நகம் அளவு, பூ எள் அளவு, லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் அதற்கு முகம் இருப்பது தெரியும்.

அந்தச் செடிகளுக்குப் பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, பதினெட்டுக்கு மேலே ஏறக் கூடாது, மழைத் தண்ணீர் தவிர வேறு தண்ணீர் ஆகாது, காற்று எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் தேங்கி நிற்கக் கூடாது. மதுரையில் இப்படிக் கேட்கிற செடியை வளர்ப்பதற்குப் பதிலாக யானையை மொட்டை மாடியில் கட்டி வளர்க்கலாம். சோணைமுத்து அசரவில்லை. ஒரு கூல்டிரிங்ஸ் கடை கழித்துப்போட்ட கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜைத் தூக்கி வந்து, கம்ப்ரஸரை மாற்றி, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன ஃபேன்களை உள்ளே ஓடவிட்டு, விளக்குப் போட்டு, ஐப்பசி மழையை டிரம் டிரம்மாகப் பிடித்து வைத்து, முன்னறையிலேயே ஒரு மலையை நட்டுவிட்டார். ஒன்று நாற்பத்து மூன்றாக ஆனது. நாற்பத்து மூன்றையும் எடுத்து அடுக்கினாலும் ஒரு சாப்பாட்டுத் தட்டு நிறையாது.

அவருடைய மனைவி பஞ்சவர்ணத்துக்கு நாற்பத்தொன்பது வயது. எங்கள் சந்தில் முப்பத்திரண்டு வீட்டுப் பெண்களும் அப்பளம் தேய்க்கிறவர்கள், அவர்கள் எல்லோருக்கும் அவள்தான் தலைவி மாதிரி. காலையில் கம்பெனியிலிருந்து வரும் உளுந்து மாவை வீடு வீடாகப் பிரித்துக் கொடுப்பதும், தேய்த்த அப்பளத்தை மொட்டை மாடியில் காயப்போட்டு, ஒரு புறம் காய்ந்ததும் திருப்பி, முறுகி ஒடிகிற பக்குவத்துக்கு முன்னாலேயே எடுத்து அடுக்க வைப்பதும், பிறகு வாங்கி அனுப்புவதும் அவள் பொறுப்பு. வெயிலில் நின்று நின்று கருத்த கையோடு வீட்டுக்குள் வரும்போது, கண்ணாடிக்குள் ஜிலுஜிலுவென்று இருக்கிற செடிகளைப் பார்த்து, "பூவுக்குப் பன்னெண்டு டிகிரி, பொண்டாட்டிக்கு நாப்பத்திரெண்டு" என்பாள். சந்தே சிரிக்கும். சோணைமுத்துவும் சிரிப்பார். அவள் வாய்க்கு யாரும் தப்ப முடியாது என்று நாங்கள் பேசிக்கொள்வோம், அதோடு விட்டுவிடுவோம்.

அந்த முதல் செடி, டம்ளரில் வந்த செடி, பதினோரு வருஷமாகப் பூக்கவே இல்லை. பிந்தி வந்தவை எல்லாம் பூத்து உதிர்ந்து மறுபடி பூத்தன, இது மட்டும் வருஷத்துக்கு ஒரு இலை விடும், ஒரு இலையை உதிர்க்கும், கல்லுப்பிள்ளையார் மாதிரி அப்படியே உட்கார்ந்திருக்கும். பங்குனியில் அதன் இலைக்கு நடுவில் தலைமுடி அளவு ஒரு காம்பு நீண்டது, சித்திரையில் அதன் நுனியில் ஒரு மொட்டு உருண்டது, அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள் காலை அது விரிந்தது. சோணைமுத்து பஞ்சவர்ணத்தின் கையைப் பிடித்து இழுத்து வந்து லென்ஸைக் கொடுத்தார். மருதாணி நன்றாகப் பிடித்த சிவப்பில் மூன்று இதழ், நடுவில் ஒரு மஞ்சள் நாக்கு.

"இதுக்குத்தானா பதினோரு வருசம்?" என்றாள் அவள். "கொசுவுக்குத் தோடு செஞ்ச மாதிரி இருக்கு."

அவர் ஃபிரிட்ஜின் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். சாத்திய கதவின் இடுக்கிலிருந்து குளிர் வந்தது. அது வந்து வீட்டை நிரப்பியது, வாசலைத் தாண்டியது, சந்தில் இறங்கி இரண்டு புறமும் நடந்தது, மேற்கே முனியாண்டி கோயில் வரைக்கும் கிழக்கே அடிபம்பு வரைக்கும் போய் நின்றது. அதற்கு மேல் ஒரு சாண்கூடப் போகவில்லை.

மெக்கானிக் என்பதால் சோணைமுத்து முதலில் கேஸ் கசிகிறதா என்று பார்த்தார். குழாய் இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தார், ஒரு குமிழிகூட வரவில்லை. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தார், குளிர் கூடியதே தவிரக் குறையவில்லை. கொடைக்கானலுக்குப் போன் போட்டு பிரான்சிஸிடம் கேட்டார். "நல்லாப் பூத்திருக்குன்னு அர்த்தம்" என்று அவர் சொன்னார், பிறகு என்ன உரம் வைத்தாய் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். சோணைமுத்து பிளக்கை மறுபடி மாட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

ஒரு வாரம் சந்துக்குத் தலைகால் புரியவில்லை, அடுத்த வாரம் பழகிவிட்டது. கல்யாணமான புதிதில் ஊட்டிக்குப் போனபோது வாங்கிய ஸ்வெட்டர்கள் அந்துருண்டை வாசனையோடு பரணிலிருந்து இறங்கின, பாதிப் பேருக்கு வயிற்றுக்கு மேல் இறங்க மறுத்தன. குல்லா போட்டுக்கொண்டு பல் தேய்த்தோம். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கட்டியாகிவிட்டதால் காலையில் ஆண்கள் எல்லோரும் ஆளுக்கொரு பாட்டிலோடு அடிபம்பைத் தாண்டிப்போய், வெயிலில் காட்டி உருக்கி, அங்கேயே தலையில் தடவிக்கொண்டு திரும்பி வந்தோம். இட்லி மாவு புளிக்கவில்லை, தயிர் உறையவில்லை. வெளியே சொந்தக்காரர் உள்ளவர்கள் மாவுப் பாத்திரத்தை அங்கே தங்க அனுப்பினார்கள், இல்லாதவர்கள் சப்பாத்திக்கு மாறினார்கள். ஜிகர்தண்டா வண்டிக்காரர் நாலு நாள் ஈ ஓட்டிவிட்டு ஐந்தாம் நாள் சுக்குமல்லிக் காபி போட்டார். பூக்காரியின் மல்லிகை மூன்றாம் நாளும் மொட்டாகவே இருந்தது. கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவர் முப்பத்திரண்டு மீட்டரை எழுத நாலு நாள் எடுத்துக்கொண்டார், நாலு நாளும் மத்தியானச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுவந்தார். ஐந்து தெரு நாய்கள் எங்கள் சந்துக்குக் குடிவந்து, ஒன்றோடொன்று சண்டை போடாமல் வரிசையாகப் படுத்துக்கிடந்தன.

அடுத்த தெரு கொல்லம்பட்டறைத் தெரு. அந்தத் தெரு ஆட்கள் அடிபம்புப் பக்கம் வந்து ஒரு காலைக் குளிருக்குள் வைத்து ஒரு காலை வெயிலில் வைத்து நின்று பார்த்தார்கள். முதலில் பொறாமைப்பட்டார்கள், பிறகு துண்டை விரித்து உட்கார்ந்தார்கள், உட்கார விட்டதும் படுத்தார்கள். யாரும் யாரையும் விரட்டவில்லை, அவ்வளவு குளிர் இருந்தது.

பஞ்சவர்ணத்தைப் பற்றி அந்த நாட்களில் எல்லோரும் ஒன்று கவனித்தோம். அவளுக்குச் சதை போட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு போயிருந்தது. மாவு பிரிக்கும்போது யார் மேலும் எரிந்து விழவில்லை. மத்தியானத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். வீட்டில் குளிர் இருக்கிறது, தூங்குகிறாள் என்று நினைத்தோம்.

இப்படி நாங்கள் குளிர் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் அப்பளம் காயவில்லை.

குளிர் மாடிக்கும் ஏறியிருந்ததால், மொட்டை மாடியில் சேலையை விரித்துப் போட்ட அப்பளங்கள் காலையில் போட்டபடியே சாயங்காலமும் தொளதொளவென்று கிடந்தன. திருப்பிப் போட்டால் கையோடு வந்தன. அடுக்கி அனுப்பியவற்றில் பூஞ்சை பிடித்தது. முதல் தடவை கம்பெனி ஒரு கட்டைத் திருப்பி அனுப்பியது, இரண்டாம் தடவை மொத்தத்தையும் திருப்பி அனுப்பியது, கூடவே மேஸ்திரி வந்து வாசலில் நடுங்கிக்கொண்டே நின்று, "அடுத்த வாரமும் இப்படி வந்துச்சுன்னா மாவை வேற ஏரியாவுக்குக் குடுத்துருவாங்க, அப்புறம் என்னையச் சொல்லக் கூடாது" என்று பஞ்சவர்ணத்திடம் சொல்லிவிட்டுப் போனார். முப்பத்திரண்டு வீட்டு அடுப்பு அந்த மாவில் எரிந்தது. எங்கள் சந்து ஆண்களின் வருமானத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் மரியாதை.

மறுநாள் காலை அடிபம்படியில் சந்து கூடியது. எல்லோரும் ஸ்வெட்டரும் போர்வையுமாக, வாயைத் திறந்தால் புகை வர, நின்றபடியே பேசினோம். ஜெயக்கொடிதான் எடுத்த எடுப்பில் போட்டு உடைத்தாள். பஞ்சவர்ணத்தைவிட இரண்டு வயது இளையவள், மனதில் இருப்பதை மடித்து வைக்கத் தெரியாதவள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? பூத்ததால குளிர் வந்துச்சு. பூவைக் கிள்ளிட்டா போயிரும். கிள்ள மனசு வரலைன்னா செடியைக் கொடைக்கானலுக்கே அனுப்பிருங்கண்ணே."

"பூத்திருக்கிற செடியை இடம் மாத்துனா பூ தானா உதிர்ந்துரும்மா" என்றார் சோணைமுத்து. "ரெண்டும் ஒன்னுதான்."

அவர் சண்டை போடுவார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். பதினோரு வருஷம். பிள்ளைகள் வெளியூருக்குப் போன வீட்டில் அவர் தினமும் மூன்று வேளை போய்ப் பார்த்த முகம் அது. ஆனால் அவர், "செடி சீக்காளியா இருந்தா மொதல் பூவைக் கிள்ளி விடுறது நாங்க செய்யிறதுதான். செடி தேறும்னு சொல்வாங்க. அப்படி நினைச்சுக்கிர்றேன்" என்று சொல்லிவிட்டு, இடுக்கியை எடுத்து வர வீட்டுக்குள் போனார். எனக்கே பாவமாக இருந்தது, ஆனால் நானும் தடுக்கவில்லை.

அப்போது பஞ்சவர்ணம் பேசினாள். வழக்கம்போல் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பேசவில்லை, அடிபம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"கிள்ளணும்னா கிள்ளிருங்க. சந்தோட பொழப்பு முக்கியம், நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா ஒன்னைச் சொல்லிர்றேன், சொல்லாம விட்டா எனக்கு நெஞ்சு அடைச்சிரும். நாலு வருசமா என் ஒடம்பு எரியுது. மாசாமாசம் வர்றது நின்னதுலருந்து எரியுது. சும்மா உக்காந்திருப்பேன், திடுதிப்புன்னு கழுத்துலருந்து நெருப்பு ஏறும், தொப்பலா நனைஞ்சு போவேன், அடங்கும், திரும்ப ஏறும். ஈரத் தரையில படுத்துப் பாத்தேன். தலகாணியில தண்ணி தெளிச்சுப் பாத்தேன். நல்லாத் தூங்கி நாலு வருசமாச்சு. அந்தப் பூ பூத்த அன்னைக்குத்தான் தூங்குனேன். அதைக் கிள்ளுனா நான் திரும்ப அந்த நெருப்புக்குள்ள போகணும். அவ்வளவுதான். இப்பக் கிள்ளுங்க."

சந்தின் பனிமூட்டம் கால்களைச் சுற்றிக்கொண்டு போனது. ஜெயக்கொடி, இவ்வளவு நேரம் கிள்ளு கிள்ளு என்று குதித்தவள், சத்தமே இல்லாமல் கேட்டாள்.

"ஒனக்குமாக்கா?"

அந்த ஒரு கேள்வியில் அணை உடைந்தது. சகர்பானு தனக்கு இரண்டு வருஷம் என்றாள், தொழுகையில் நிற்கும்போதே வந்துவிடுகிறது என்றாள். நாகரத்தினத்தின் மனைவி ஆறு வருஷம் என்றாள், டீக்கடை அடுப்பு என்று நினைத்துக்கொண்டு இருந்துவிட்டேன் என்றாள். ஒவ்வொருத்தியும் இது தனக்கு மட்டும் வந்த சீக்கு என்று நினைத்திருந்தாள், ஒவ்வொருத்தியும் இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்திருந்தாள், ஒவ்வொருத்தியும் கடந்த ஒரு மாதமாகத்தான் தூங்கியிருந்தாள். எண்ணிப் பார்த்தால் பதினாலு பேர். அதில் என் மனைவியும் ஒருத்தி. அவள் எந்நேரமும் முந்தானையால் விசிறிக்கொண்டே இருப்பதை ஒரு பழக்கம் என்று நான் நினைத்திருந்தேன். இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்து நான் கண்டது அவ்வளவுதான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஆண்கள் எல்லோரும் அடிபம்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதை முதல் தடவை பார்க்கிறவர்கள் மாதிரி.

சோணைமுத்து இடுக்கியோடு எப்போது திரும்பி வந்தார் என்று தெரியாது. முழுவதையும் கேட்டிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. ஒரு செடிக்கு அரை டிகிரி ஏறினால் நடுச்சாமத்திலும் எழுந்து ஓடுகிற மனிதர், பக்கத்தில் படுத்திருந்தவள் எரிந்ததை நாலு வருஷம் அறியாமல் இருந்திருக்கிறார். இடுக்கியைச் சட்டைப் பையில் போட்டார். பஞ்சவர்ணத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"பூ இருக்கட்டும்" என்றாள் ஜெயக்கொடி. "அப்பளத்துக்கு வேற வழி பாப்போம்."

வழியைச் சொன்னது சகர்பானு. அவள் பிறந்த வீடு கொல்லம்பட்டறைத் தெருவில் இருக்கிறது. "நம்மகிட்ட குளிர் கெடக்கு, வெயில் இல்ல. அவுககிட்ட வெயில் கெடக்கு, குளிர் இல்ல. கேட்டா மாட்டேன்னா சொல்லப் போறாக?" என்றாள். இவ்வளவு சுலபமான விஷயத்தை ஏன் யாரும் முதலிலேயே சொல்லவில்லை என்று எல்லோருக்கும் கோபம்கூட வந்தது. அன்றைக்கே பத்துப் பெண்கள் கிளம்பிப் போய்ப் பேசி, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு, சம்பந்தம் முடித்த மாதிரி சிரித்துக்கொண்டு திரும்பினார்கள்.

மறுநாளிலிருந்து எங்கள் சந்தில் அப்பளம் தேய்த்தோம், அந்தத் தெருவின் மொட்டை மாடிகளில் காயப்போட்டோம். குளிரில் தேய்த்த மாவு காய்ந்து வெடிக்காமல் சொன்ன பேச்சைக் கேட்டது, வேர்வை சொட்டவில்லை, ஆளுக்கு ஐம்பது அப்பளம் கூடுதலாக வந்தது. தட்டுத் தட்டாக ஈரத்துணி போட்டு மூடித் தலையில் தூக்கிக்கொண்டு பெண்கள் அடிபம்பைத் தாண்டிப் போக, அதே நேரத்தில் பாயும் தலையணையுமாக, கைக்குழந்தையும் படுக்கை நோயாளியுமாக, அந்தத் தெரு இந்தப் பக்கம் வந்தது. பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் எங்கள் வீடுகளில் யார் வீட்டு ஆள் யார் வீட்டில் தூங்குகிறார் என்று கணக்கே கிடையாது. வேர்க்குரு வந்து சிணுங்கிய குழந்தைகளுக்கு இரண்டே நாளில் தோல் ஆறியது. பேசாமல் இருந்த இரண்டு பங்காளி வீடுகள் ஒரே போர்வைக்குள் தூங்கி எழுந்து வேறு வழியில்லாமல் பேசிக்கொண்டன. மேஸ்திரி வந்து அப்பளத்தை ஒடித்துப் பார்த்தார், பொரித்துப் பார்த்தார், பிறகு அவரும் ஒரு பாயைக் கேட்டு வாங்கிப் படுத்துவிட்டார்.

ஆனியும் ஆடியும் ஆவணியும் இப்படிப் போயின. நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை காலையில் பூ உதிர்ந்தது. பஞ்சவர்ணம்தான் முதலில் பார்த்தாள், பாசியின் மேல் ஒரு சிவப்புப் புள்ளியாகக் கிடந்தது. பார்த்துவிட்டு மாவு பிரிக்கப் போய்விட்டாள். மத்தியானத்துக்குள் மூட்டம் கலைந்தது, நாய்கள் எழுந்து சோம்பல் முறித்து அவரவர் தெருவுக்குப் போயின, ஐந்து மாதம் காத்திருந்த வெயில் வட்டியும் முதலுமாக வந்து உட்கார்ந்தது. பெண்கள் தங்கள் மொட்டை மாடிக்கே ஏறினார்கள். கொல்லம்பட்டறைத் தெருக்காரர்கள் அடிபம்படியில் நின்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அந்த மத்தியானம் பஞ்சவர்ணம் ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன், சோணைமுத்துவும் பார்த்தார்.

அவர் நாலு நாள் வேலைக்குப் போகவில்லை. பின்பக்கம் சாமான் போட்டு வைத்திருந்த சின்ன அறையை ஒழித்து, சுவரிலும் கூரையிலும் தெர்மோகோல் அட்டை ஒட்டி, ஜன்னலை அடைத்து, எங்கிருந்தோ பிடித்துவந்த ஒரு பழைய ஏசியைப் பிரித்துப் பூட்டினார். அட்டை பிடிக்க நானும் போனேன். செடிகளுக்கு ரூம் போடுகிறார், அடுத்த பூவுக்கு அவசரப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். ஐந்தாம் நாள் அந்த அறைக்குள் முதலில் கட்டில் போனது. கட்டிலுக்கு இடம் போக மிச்சம் இருந்த சுவரில் பலகை அடித்து, நாற்பத்து மூன்று செடிகளையும் கொண்டுபோய் வைத்தார். கண்ணாடி ஃபிரிட்ஜ் காலியாக முன்னறையில் நின்றது.

அதற்கு அப்புறம் நடந்ததைப் பஞ்சவர்ணம் மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"மத்தியானம் போய்ப் படுத்தேன். பதினாறுல வச்சிருந்தாரு. அந்தச் செடிகளுக்குப் பதினெட்டைத் தாண்டுனா ஆகாது, ஒனக்குத்தான் தெரியுமே, சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். நல்லாத்தான் இருந்துச்சு. கண்ணசந்து ஒரு மணி நேரம் போயிருக்கும், ரொம்ப நடுக்கிருச்சு. சொல்லுவமா வேண்டாமான்னு யோசிச்சேன். அப்புறம், ஏங்க, குளிருதுங்கன்னேன். அந்த மனுசன் செடியப் பாக்கல, என்னையப் பாத்துக்கிட்டே எந்திரிச்சுப் போய் இருவதுல வச்சாரு."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் நான் தெர்மோகோல் வாங்கக் கடைக்குப் போனேன். எங்கள் சந்து ஆண்கள் ஏழு பேர் எனக்கு முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.